இரண்டாம் தடவை போனபோதுதான் பாடினார்

ஒப்பாரி பதிவு செய்ய நான் முதன்முதலில் போனது விளாத்திகுளம் பக்கம், ஒரு கரிசல் கிராமத்துக்கு. எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி. சுற்றுப்பட்டியில் எங்கே சாவு விழுந்தாலும் அவரைத்தான் முதலில் தேடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தோம், மழை தண்ணி பற்றிப் பேசினோம், எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரெக்கார்டரை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, "ஆச்சி, ஒரு ஒப்பாரி பாடுங்களேன்" என்றேன். ஆச்சி முகம் அப்படியே இறுகிவிட்டது. உள்ளே இருந்து மருமகள் வந்து நிலைப்படியில் நின்று கேட்டார்.

"நல்லா இருக்கிற வீட்டுல வந்து ஒப்பாரி வைக்கச் சொல்லுதீகளே, இது நல்லாவா இருக்கு?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஏழெட்டு வயதில் விளையாட்டுக்கு அழுது பாடியதற்கு என் பாட்டியிடம் அடி வாங்கியிருக்கிறேன். அது தெரிந்தும் கேட்டேன். கையில் ஒரு கருவி வந்ததும், பாட்டு என்பது பரணில் கிடக்கிற பாத்திரம் மாதிரி, கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்று மனசுக்குள் ஆகிவிட்டது. அன்றைக்கு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனேன். மன்னிப்புக் கேட்பதற்காக மட்டும் போனேன், வீட்டில் ரெக்கார்டரைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்த ஆச்சி, தானாகவே எழுந்து, "வா, கம்மாய்க்கரைக்குப் போவோம்" என்றார். ஊரைத் தாண்டி, கருவேல மரத்தடியில் உட்கார்ந்து, ரெக்கார்டரை வைக்கச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பாடினார். முதலில் பெற்ற தாய்க்கு, அப்புறம் தம்பிக்கு, கடைசியில் புருசனுக்கு. முடித்ததும் கண்மாயில் இறங்கி முகம், கை, கால் கழுவினார். அதன் பிறகுதான் ஊருக்குள் கால் வைத்தார். என்னையும் கழுவச் சொன்னார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடமாகப் பெரியவர்களையும் கைவினைக்காரர்களையும் தேடிப் போய்ப் பதிவு செய்து வருகிறேன். என் வேலை வேறு. விடுமுறை நாளில்தான் இது. ஒரே ஆளை எத்தனை தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேனோ, அத்தனைக்கு அத்தனை பதிவு நன்றாக வந்திருக்கிறது. ஒரே தடவை போய் வாங்கி வந்தவை பெரும்பாலும் மேலோட்டமாகவே கிடக்கின்றன. இந்த வேலையை ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது என்ன மைக் வாங்கலாம் என்று. நாலு தடவை போய்வர பஸ் காசு ஒதுக்கி வையுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

முதல் நாள் கிடைப்பது பெரும்பாலும் தயார் பேச்சு. குறிப்பாக, பெயர் பெற்ற கைத்தொழில் உள்ள ஊர்களில். பத்திரிகைக்காரர்கள் வந்திருப்பார்கள், டிவிக்காரர்கள் வந்திருப்பார்கள், கல்லூரிப் பிள்ளைகள் வருடா வருடம் வந்திருப்பார்கள். எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான், அதற்கு அவர்களிடம் பதிலும் ஒன்று தயாராக இருக்கும்.

பத்தமடைக்குப் பாய் முடைகிறவர்களைப் பார்க்கப் போனபோது எனக்கு இது நன்றாக உறைத்தது. தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி முடைகிற மெல்லிய பாய் அது. துணி போலக் கையில் மடங்கும். அந்த அம்மாவிடம் கோரையை எத்தனை நாள் ஊறப்போட வேண்டும் என்று கேட்டேன். "ஏழு நாள்" என்றார். நானும் எழுதிக்கொண்டேன். அடுத்த முறை, ஊறின கோரையை எடுக்கிற அன்றைக்கே போய்ச் சேர்ந்தேன். ஒரு கட்டைத் தூக்கி, நடுவிலிருந்து ஒரு இழையை உருவி, கட்டைவிரல் நகத்தால் நெருடிப் பார்த்தார். திரும்பத் தண்ணீருக்குள் போட்டார். இன்னொரு கட்டு. அதை நெருடிப் பார்த்து வெளியே வைத்தார்.

"ஏழு நாள் ஆயிட்டா அம்மா?"

"ஏழு நாளுங்கிறது கேக்குறவங்களுக்குச் சொல்றது. ஓடுற தண்ணின்னா சீக்கிரம் ஊறும், தண்ணி கம்மியா இருந்தா இழுக்கும். கோரை முத்தலா இளசான்னு பாக்கணும். நகம் பட்டதும் வழுக்கிக்கிட்டுப் போச்சுன்னா எடுத்துரலாம்."

என் நோட்டில் இருந்த "ஏழு நாள்" பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு பாய்கூட முடைய முடியாது. நகம் வழுக்குகிற அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் இது பதிவாகும். அதிலிருந்து, கை வேலை செய்துகொண்டிருக்கும்போது மட்டுமே தொழிலைப் பற்றிக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். சும்மா உட்கார வைத்துக் கேட்டால் கலையின் பெருமையைச் சொல்வார்கள். வேலைக்கு நடுவில் கேட்டால் வேலையைச் சொல்வார்கள்.

கேள்விகளும் அப்படித்தான் மாறின. "உங்கள் தொழிலின் சிறப்பு என்ன?" என்று கேட்பதை அடியோடு விட்டுவிட்டேன். "இப்ப ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்பேன். கை ஒரு இடத்தில் நின்று மறுபடி ஓடுகிறது என்றால், அங்கே ஒரு முடிவு எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அது அவருக்கே சொல்லித் தெரியாத முடிவாக இருக்கும், கேட்டால் யோசித்துச் சொல்வார். அடுத்தது, "இதைத் தப்பாப் பண்ணினா என்ன ஆகும்?" என்ற கேள்வி. தப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தொழிலின் நுணுக்கம் எல்லாம் வரிசையாக வரும். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இன்னொன்று உண்டு: "உங்களுக்குக் கத்துக்கொடுத்தவர் எப்படித் திட்டுவார்?" இதைக் கேட்டதும் எந்த வயதானவரும் சிரித்துவிடுவார். அப்புறம் அப்பாவின் குரலிலோ மாமாவின் குரலிலோ அந்தத் திட்டை அப்படியே சொல்லிக் காட்டுவார். அந்தத் திட்டுக்குள்தான் தொழிலின் பழைய சொற்கள் உயிரோடு இருக்கின்றன. வேறு எங்கே கேட்டாலும் வராத வார்த்தைகள் அதில் வந்து விழுந்திருக்கின்றன.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில், அவர்கள் சொன்னதை வீட்டுக்கு வந்து "நல்ல தமிழில்" எழுதி வைப்பேன். 'கம்மாய்' கண்மாய் ஆகும், 'சொல்லுதேன்' சொல்கிறேன் ஆகும். அது பெரிய இழப்பு என்று எனக்குப் புரிய வைத்தவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். 1982-இல் வந்த அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டிய பிறகு, என் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எத்தனை சொற்களைத் திருத்தி எழுதித் தொலைத்திருக்கிறேன்! ஒலிப்பதிவு மட்டும் கையில் இல்லாமல் இருந்திருந்தால் அவை போயே போயிருக்கும். இப்போது காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுகிறேன். புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வைத்து, அடுத்த முறை போகும்போது அந்தக் கோடுகளை மட்டும் கேட்பேன். ஒரு சொல்லைக் கேட்கப் போய் ஒரு கதையோடு திரும்பி வந்த நாட்கள் நிறைய.

சுவாமிமலையில் வேறு ஒரு பாடம். ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவர் பெரிய மனசோடு அரை நாள் ஒதுக்கித் தந்தார். உருவம் எவ்வளவு உயரம் வர வேண்டுமோ, அந்த நீளத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கிக்கொண்டார். அதைத் தாளக் கணக்குப்படி (சிலையின் உடலைப் பங்கு பிரிக்கிற அளவு முறை) மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடங்களை மெழுகு உருவத்தோடு ஒட்டிப் பார்த்தார். அளவுகோல் கிடையாது. அந்த ஓலைதான் முழுக் கணக்கும். நான் அன்றைக்கு ஒலி மட்டும்தான் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் இப்படி இருக்கிறது: "இது ஒண்ணு... இதுல இருந்து இதுக்கு அவ்வளவுதான்... இங்க பாருங்க, இது இதுக்குச் சமம்... இப்படி வந்துட்டா சரி." ஒன்றரை மணி நேரம் முழுக்க 'இது', 'இங்கே', 'இப்படி'. எது, எங்கே என்று ஒன்றும் தெரியாது.

மறுபடி போனேன். இந்தத் தடவை ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனேன், கையை மட்டும் வீடியோ எடுக்க. முகத்தை எடுக்க வேண்டாம், கையை விட்டு நகராதே என்று சொல்லி வைத்திருந்தேன். அதோடு, ஸ்தபதி காட்டுவதையெல்லாம் நான் வாயால் திருப்பிச் சொன்னேன். "நெற்றி ஒரு பங்கு, மூக்கு ஒரு பங்கு, மூக்குக்குக் கீழிருந்து முகவாய் வரைக்கும் ஒரு பங்கு, மூணும் ஒரே அளவு. சரிதானே ஐயா?" அவர் சரி என்பார், இல்லை என்றால் திருத்துவார். திருத்தும்போது நான் கேட்காத விஷயமும் சேர்ந்து வரும். காவிரி வண்டல் மண்ணை ஏன் மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சாகப் பூச வேண்டும் என்பது அப்படி வந்ததுதான்: மண் எவ்வளவு நைஸாக இருக்கிறதோ, மெழுகில் செய்த நகை வேலைப்பாடு அவ்வளவும் உலோகத்தில் இறங்கும். காட்டியதை வாயால் திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கம் வந்த பிறகு எனக்கு எந்தப் பதிவும் வீண் போகவில்லை.

வருடக் கணக்கு ஒரு தனித் தலைவலி. "எந்த வருஷம் பாட்டையா?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, கேட்பதும் முறையில்லை. பரீட்சை வைக்கிற மாதிரி ஆகிவிடும். சில பெரியவர்கள் தமிழ் வருடப் பெயரைச் சொல்வார்கள், அங்கே கவனமாக இருக்க வேண்டும். அறுபது வருடத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். 'தாது வருஷம்' என்றால் 1876-ம் உண்டு, 1936-ம் உண்டு, 1996-ம் உண்டு. "தாது வருசத்துப் பஞ்சத்துல எங்க பூட்டன் கொழும்புக்குப் போனாரு" என்றால் அது 1876-78 பெரும் பஞ்சம். "நான் தாது வருசம் பொறந்தேன்" என்று அதே மனிதர் சொன்னால் அது 1936. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பி ஒரு குடும்பத்தின் வரலாற்றையே நான் தப்பாக எழுதி, பிறகு திருத்தியிருக்கிறேன்.

இப்போது ஊர் முழுக்க நினைவிருக்கிற சம்பவங்களை வைத்துக் கேட்கிறேன். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் 1964 டிசம்பரில். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரியில். எமர்ஜென்சி 1975-இலிருந்து 1977 வரை. "எம்.ஜி.ஆரைச் சுட்டாங்களே, அப்ப நீங்க தறியில உக்காந்துட்டீங்களா?" என்று கேட்டால், "இல்லையே, அப்ப எங்கப்பாவுக்கு ஊடைக்குத் தார் சுத்திக் குடுத்துக்கிட்டு இருந்தேன்" என்று உடனே பதில் வரும் (தார் சுற்றுவது என்றால் குறுக்கு நூலைக் குழலில் சுற்றுவது). ஊருக்குக் கரண்டு வந்தது, முதல் பஸ் வந்தது, பெரிய கிணறு வெட்டியது, இவையும் உதவும். ஆனால் இவற்றை அந்தந்த ஊரில் நாலு பேரிடம் கேட்டு முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அவர் சொல்லும் வருடம் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால், பேச்சை நிறுத்தித் திருத்தாதீர்கள். பேசி முடிக்கட்டும். குறிப்பில் எழுதி வைத்து, அடுத்த முறை வேறு பக்கமாகச் சுற்றிக் கேட்டால் போதும்.

வில்லுப்பாட்டில் நான் கற்றுக்கொண்டதை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிவு செய்ய வருகிறவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்குப் பாடுகிற அண்ணாவி (வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர்) ஒருவரிடம், வீட்டில் வைத்து முழுக்கதையையும் பாடித் தரக் கேட்டேன். அமைதியான அறை, நல்ல மைக், வேறு என்ன வேண்டும் என்ற நினைப்பு. சம்மதித்தார். சாமி பிறந்தது, வளர்ந்தது, சண்டை, எல்லாம் அருமையாக வந்தது. சாமி வெட்டுப்பட்டுச் சாகிற இடம் நெருங்கியதும் வில்லைத் தட்டுகிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு மேல இங்கன பாட முடியாது தம்பி. அந்த இடத்தைப் பாடினா சாமி வரும். வந்தா யாரு மேல வரும், யாரு திருநீறு குடுக்க? கோயில்ல வச்சுத்தான் பாடணும்."

நான் வற்புறுத்தவில்லை. முதல் ஒப்பாரி அனுபவம் இருந்ததே! எந்தக் கோயிலில் எப்போது கொடை என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த வருடச் சித்திரையில் போனேன். ஒலிக்கு அது மிக மோசமான இடம். ஜெனரேட்டர், வேட்டு, குழல் ஒலிபெருக்கி, நையாண்டி மேளம். முன்வரிசையில் ரெக்கார்டரை வைத்தால் ஒரு சொல்லும் தெளிவாக விழாது. காப்பாற்றியவர் மைக்செட்காரர். மாலையே போய் அவரோடு உட்கார்ந்து பேசி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர் என் ரெக்கார்டருக்கு வாங்கிக்கொண்டேன். இன்னொரு சின்ன ரெக்கார்டரைக் கூட்டத்துக்குள் வைத்தேன். முதலாவதில் பாட்டு தெளிவாக இருக்கும், இரண்டாவதில் குலவையும், சாமியாடி வரும் சத்தமும், கூட்டம் விலகுவதும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அது வில்லுப்பாட்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தென்மாவட்டங்களில் எந்த அண்ணாவி எந்தக் கதையை எப்படிப் பாடுவார் என்று மைக்செட்காரர்களைப் போலத் தெரிந்தவர்கள் கிடையாது. வருடக்கணக்காக விடிய விடியக் கேட்கிறவர்கள் அவர்கள். எனக்கு நாலு அண்ணாவிகளை அறிமுகம் செய்து வைத்தவர் அந்த மைக்செட்காரர்தான்.

கொடை முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணாவி வீட்டுக்குப் போய், அந்தப் பதிவை அவருக்கே போட்டுக் காட்டினேன். "இந்த இடத்துல ஏன் தாளத்தை மாத்தினீங்க அண்ணாவி?" என்றால், "எதிர்ல ஒருத்தருக்கு உடம்பு குலுங்கிச்சு, பாத்தேன். அதான் வேகம் குடுத்தேன்" என்கிறார். கதை ஒன்றுதான் என்றாலும், எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அது நீள்கிறது, குறுகுகிறது. வீட்டு அறையில் பதிவு செய்ததோடு நிறுத்தியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. செல்போனிலேயே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள், நடுவில் போன் வந்தால் பதிவு அறுந்துவிடும். வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் மைக் இருக்கட்டும், ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். தனி ரெக்கார்டர் வாங்கினால் வேவ் (WAV) வடிவத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு ஜிபி ஆகும். ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்து விடுங்கள். ஒப்பாரியில் குரல் தேய்ந்து அடங்குவதும் பொங்கி எழுவதும்தான் உயிர்; அந்த வசதி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். ஆரம்பத்திலேயே தேதி, ஊர், பேசுகிறவர் பெயர், கூட இருப்பவர்கள் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது உள்ளேயே இருக்கும்.

அன்றைக்கு இரவே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குயவர் ஒருவரிடம் சூளை அடுக்குவது பற்றி ஒரு மதியம் முழுக்கப் பதிவு செய்திருந்தேன். அலுப்பில் தூங்கிவிட்டேன். காலையில் இன்னொரு இடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், பிரதி எடுத்தாகிவிட்டது என்று நினைத்து மெமரி கார்டை அழித்துவிட்டேன். மறுபடி போகலாம் என்று இருந்தேன், ஆடி மாதம் போகலாம், ஆவணி போகலாம் என்று தள்ளிப் போனது. ஐப்பசியில் போனபோது திண்ணையில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அவருடைய மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டவர். சூளை அடுக்கத் தெரியாது. அந்த மதியத்தை நினைத்து இன்றைக்கும் சில இரவுகளில் தூக்கம் வராது.

எழுதி எடுப்பதற்கு ஆகும் நேரத்தை யாரும் முதலில் கணக்கில் வைப்பதில்லை. ஒரு மணி நேரப் பேச்சை எழுத எனக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும், பாட்டு என்றால் இன்னும் கூட. அதனால் பத்துப் பேரைப் பதிவு செய்து அடுக்கி வைப்பதைவிட, மூன்று பேரைப் பதிவு செய்து முழுக்க எழுதி முடிப்பது மேல் என்று நினைக்கிறேன். பேராசிரியர் நா. வானமாமலை 1960-களில் வெளியிட்ட நாட்டுப்பாடல் தொகுப்பில், பாட்டுக்கு அடியில் சேகரித்தவர் பெயர், ஊர், வட்டார வழக்குச் சொற்களுக்குப் பொருள் என்று கொடுத்திருப்பார். சேகரித்தவர்களில் பலரும் தங்கள் சொந்தப் பக்கத்துப் பாட்டுகளைத் தேடிக் கொடுத்தவர்கள். நான் அந்த முறையையே வைத்திருக்கிறேன். பாடியவர் பெயர், அவர் யாரிடம் கற்றார், எந்த நேரத்தில் பாடினார், கூட யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எழுதியதைப் பத்திரமாக ஓரிடத்தில் சேர்க்க நினைக்கிறவர்கள், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை மாதிரி இதையே பாடமாக எடுத்துச் செய்கிறவர்களிடம் ஒரு தடவை போய்ப் பேசிப் பாருங்கள்.

சம்மதம் பற்றி எனக்குக் கடுமையான ஒரு அனுபவம் உண்டு. நாற்று நடவுப் பாட்டுப் பாடிய ஒரு அம்மாவின் பதிவை, கேட்டார் என்பதற்காக ஒருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அந்தக் குரல் ஒரு நிகழ்ச்சியில் ஒலித்தது. பாடியவர் பெயரும் இல்லை, ஊர் பெயரும் இல்லை. அந்த அம்மாவின் மகன் என்னைக் கூப்பிட்டு, "எங்கம்மா குரலை வித்துட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நேரில் போய்க் காலில் விழாத குறையாகப் பேசிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சம்மதத்தை இரண்டு தடவை கேட்கிறேன்: பதிவு முடிந்த உடனே ஒரு தடவை, பதிவைப் போட்டுக் காட்டிய பிறகு ஒரு தடவை. தன் குரலைக் காதால் கேட்ட பிறகுதான், இதில் எதை ஊர் கேட்கலாம், எது வீட்டோடு இருக்க வேண்டும் என்று அவர்களுக்கே தெளிவாகிறது. சொத்துச் சண்டை, சாதிப் பேச்சு, செத்தவர்களைப் பற்றிய கோபம், இதெல்லாம் பேச்சு வாக்கில் வந்துவிடும். "அதை மட்டும் வெளிய விட்டுராத" என்றால் அது தனிக் கோப்பு, யாருக்கும் கிடையாது.

கூலியையும் சொல்ல வேண்டும். தறியில் உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பி உங்களோடு பேச வைத்தால், அவருக்கு அன்றைக்கு அவ்வளவு நெசவு குறைகிறது. பாரம்பரியம், பெருமை என்று பேசிவிட்டு அதைக் கண்டுகொள்ளாமல் வருவது நியாயமில்லை. வாங்க மறுக்கிறவர்கள் உண்டு, அவர்கள் செய்த பொருளை அவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிவிடுகிறேன். பேரம் பேசுவதில்லை.

ஒப்பாரி ஆச்சிக்குப் பதிவைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. பென்டிரைவில் கொடுத்தால் அவருக்கு என்ன பிரயோசனம்? சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் வைத்துப் போட முடியாது, அது தெரியும். நானும் ஆச்சியும் கண்மாய்க்கரைக்கு நடந்தோம். பின்னாலேயே மருமகளும் வந்தார், அன்றைக்கு நிலைப்படியில் நின்று என்னைக் கேட்டாரே, அவர்தான். ஒன்றும் பேசவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஆச்சி தன் குரலைக் கேட்டார். தாய்க்குப் பாடியது முடிகிற வரை அசையவில்லை. "எங்கம்மா பாடுத மாதிரியே இருக்கு" என்று மட்டும் சொன்னார். தம்பிக்குப் பாடியது ஓடிக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"இந்த இடத்துல ரெண்டு அடி விட்டுட்டேன். அந்தப் பெட்டியை எடு."

ரெக்கார்டரை வைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஆரம்பித்தார். தம்பி கொண்டுவந்த சீரைச் சொல்லி, அவன் வந்த வழியைச் சொல்லி, மூன்றாவது அடியில் நின்றுவிட்டார். சொல் கிடைக்கவில்லை. உதடு அசைகிறது, வரவில்லை. தள்ளி உட்கார்ந்திருந்த மருமகள், தலை நிமிராமல், தரையைப் பார்த்தபடியே அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். ஆச்சி திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படிட்டீ தெரியும்?" என்றார்.

"இருபது வருசமா உங்க பின்னால உக்காந்து அழுதேனே அத்தை" என்றார் மருமகள். எழுந்து வந்து ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டார். அந்தப் பதிவில் நாலாவது நிமிடத்திலிருந்து கடைசி வரைக்கும் இரண்டு குரல்கள் இருக்கின்றன.